போத்தலில் வரும் கிரியேட்டின்: வாங்கி அடுக்க முன் ஒரு கணக்கு



எங்கள் புல்மோட்டையில் பலசரக்கோடு சேர்த்து விளையாட்டுச் சாமான்களும் விற்கும் ஒரு சகோதரர் அண்மையில் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். ஊரில் உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். "கிரியேட்டின் இருக்கிறதா?" என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, தூளாக இல்லாமல் திரவமாகப் போத்தலில் வரும் கிரியேட்டினைக் காட்டியிருக்கிறார். "நானா, இதுதான் இப்போது ஓடுகிற சரக்கு. கலக்கத் தேவையில்லை, ஒரு தேக்கரண்டி குடித்தால் போதும். ஐந்து பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம். காசை மூன்று மாதத்தில் தாருங்கள்" என்றாராம். தூளில் கிடைக்கும் லாபத்தைவிட இதில் இரண்டு மடங்கு. எடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அந்தப் பதில் மட்டும் போதாது. காரணம் தெரியாத வியாபாரி, அடுத்த மாதம் வேறு பெயரில் வேறு நிறப் போத்தல் வரும்போது மீண்டும் தடுமாறுவார். காரணத்தை விளங்கிக் கொண்டவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆகவே இந்த வாரம் அந்தக் காரணத்தையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

கிரியேட்டின் என்பது என்ன?

பலர் இதை ஏதோ ஊக்க மருந்து என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1832ஆம் ஆண்டில் செவ்ரூல் என்ற பிரான்சிய இரசாயனவியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இயற்கைப் பொருள் இது. நமது ஈரலும் சிறுநீரகமும் இதைத் தாமே உற்பத்தி செய்கின்றன. உடம்பிலுள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 95 வீதம் தசைகளில் இருக்கிறது. குறுகிய நேரத்தில் பெரும் பலம் தேவைப்படும் வேலைகளுக்கு, அதாவது பாரம் தூக்குவதற்கும் வேகமாக ஓடுவதற்கும், தசைக்கு உடனடிச் சக்தியைத் திருப்பிக் கொடுப்பது இதன் வேலை. சூரை மீன் ஒரு கிலோவில் சுமார் 4 கிராம் கிரியேட்டின் உண்டு. கடற்கரை ஊர்க்காரர்களான நாம் பெயர் தெரியாமலே தினமும் அதைச் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறோம்.

1992ஆம் ஆண்டில் ரொஜர் ஹரிஸ் என்ற விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்தவர்களும், கிரியேட்டின் தூளைக் கரைத்துக் குடித்தால் தசையிலுள்ள அளவு கூடுகிறது என்பதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் பிரித்தானிய வீரர்கள் சிலர் இதைப் பாவித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன் பின்னரே இது உலகச் சந்தைக்கு வந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. உடற்பயிற்சி செய்யும் ஆரோக்கியமான வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை எடுப்பதே பொதுவான அளவு.

நமது வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, "இது என்ன இறைச்சியிலிருந்து எடுக்கிறார்கள்?" என்பது. இன்று சந்தையில் விற்கப்படும் கிரியேட்டின் இறைச்சியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. சார்க்கோசின், சயனமைட் என்ற இரண்டு இரசாயனப் பொருட்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். எனவே சுவை சேர்க்காத வெறும் தூளில் பிரச்சினை குறைவு. கவனிக்க வேண்டியது கூடச் சேரும் பொருட்களைத்தான். கெப்சியூல் என்றால் அதன் உறை எந்த ஜெலட்டினால் ஆனது? திரவம் என்றால் அதிலுள்ள கிளிசரின் எதிலிருந்து வந்தது? சுவையூட்டி அற்ககோலில் கரைக்கப்பட்டதா? சேர்மானம் கூடக் கூட விசாரிக்க வேண்டியதும் கூடும்.

தண்ணீரில் கலந்து வைத்தால் என்ன நடக்கும்?

பால்மாவை எடுத்துக் கொள்வோம். பைக்கற்றைப் பிரிக்காமல் தட்டில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். அதையே தண்ணீரில் கரைத்துப் போத்தலில் ஊற்றி அதே தட்டில் வைத்தால் அடுத்த நாள் யாரும் வாங்கமாட்டார்கள். காய்ந்த கருவாட்டுக்கும் நனைந்த கருவாட்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். கிரியேட்டினும் அப்படியே. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பால் பழுதானால் மணம் சொல்லிவிடும். கிரியேட்டின் பழுதானால் நிறமும் மாறாது, மணமும் வராது.

உலர்ந்த தூளாக இருக்கும்போது கிரியேட்டின் மிகவும் உறுதியானது. 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்று வருடங்களுக்கு மேல் வைத்துப் பார்த்தும் அது சிதைந்ததற்கான அடையாளம் காணப்படவில்லை. புல்மோட்டை வெயிலையும் தகரக் கூரையையும் தாங்கக் கூடிய சரக்கு என்று இதை நம்பிச் சொல்லலாம். ஈரம் படாமல் மூடி வைத்தால் போதும்.

தண்ணீரில் கரைந்த பிறகு கதை வேறு. கரைந்த கிரியேட்டின் தன்னிடமிருந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து, வளையமாகச் சுருண்டு, கிரியேட்டினின் என்ற வேறொரு பொருளாக மாறத் தொடங்குகிறது. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடுதல். ஆனால் தசைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அது உடம்பு சிறுநீரில் வெளியேற்றும் கழிவு.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: புளிப்பு, வெப்பம், காலம்.

புளிப்பை பீஎச் என்ற அளவால் கணிப்பார்கள். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேசிக்காய்ச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும். 25 பாகை வெப்பத்தில் கிரியேட்டினைக் கரைத்து மூன்று நாள் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு இது:

பீஎச் 6.5க்கும் 7.5க்கும் இடையில்: பெரிதாக மாற்றமில்லை.
பீஎச் 5.5இல்: 4 வீதம் சிதைந்தது.
பீஎச் 4.5இல்: 12 வீதம் சிதைந்தது.
பீஎச் 3.5இல்: 21 வீதம் சிதைந்தது.

மூன்றே நாளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றால், கொழும்புக் களஞ்சியத்தில் இரண்டு மாதம், லொறியில் இரண்டு நாள், நமது கடைத் தட்டில் நான்கு மாதம் கழிந்த போத்தலில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் கிரைட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுரைத்துக் கரையும் வகைக் கிரியேட்டினைத் தண்ணீரில் கரைத்து வைத்துச் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண அறை வெப்பத்தில் 45 நாட்களுக்குள் சுமார் 90 வீதம் சிதைந்திருந்தது. அவர்களுடைய அறை வெப்பம் 25 பாகை. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரத்தில் கோடை காலப் பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போவது சாதாரணம். கதவை மூடிய கடைக்குள் அதைவிடக் கூடும். வெப்பம் கூடக் கூடச் சிதைவின் வேகமும் கூடும்.

அப்படியானால் உற்பத்தியாளர் புளிப்பில்லாமல் தயாரிக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் அவர்களுக்குச் சிக்கல். சுவை சேர்த்த நீர்ப்பானம் புளிப்பில்லாமல் இருந்தால் கிருமியும் பூஞ்சையும் எளிதில் வளரும். அதைத் தடுக்கத்தான் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். சோடியம் பென்சோவேற் போன்ற பாதுகாப்புப் பொருட்களும் புளிப்பான பானத்தில்தான் நன்றாக வேலை செய்யும். புளிப்பைக் கூட்டினால் கிரியேட்டின் போகிறது, குறைத்தால் பூஞ்சை வருகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பது அவ்வளவு இலகுவல்ல.

கடையிலேயே செய்து பார்க்கக் கூடிய கணக்கு

இதுவரை சொன்னது ஆய்வுகூடத்து விஷயம். இனி வருவதற்குக் கல்குலேட்டர் போதும்.

கிரியேட்டின் தண்ணீரில் குறைவாகவே கரையும். ஒரு லீற்றர் தண்ணீரில் 20 பாகை வெப்பத்தில் சுமார் 14 கிராம் கரையும். குளிர்ந்த, 4 பாகைத் தண்ணீரில் 6 கிராம்தான். தண்ணீரை 50 பாகை வரை சுடவைத்தாலும் 34 கிராமுக்கு மேல் கரையாது.

உதாரணத்துக்கு ஒரு போத்தல். அளவு 250 மில்லிலீற்றர். 5 மில்லிலீற்றர் தேக்கரண்டியால் 50 தடவை குடிக்கலாம் என்றும், ஒவ்வொரு தேக்கரண்டியிலும் 2.5 கிராம் கிரியேட்டின் இருக்கிறது என்றும் லேபல் சொல்கிறது என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 125 கிராம் இருக்க வேண்டும்.

ஆனால் 250 மில்லிலீற்றர் தண்ணீர் கால் லீற்றர். 20 பாகையில் அதில் கரையக் கூடியது 3.5 கிராம். 50 பாகைச் சுடுநீரிலும் 8.5 கிராம். அப்படியானால் 125 கிராம் எங்கே இருக்கிறது? ஒன்றில் அது கரையாமல் அடியில் மண்டியாகப் படிந்திருக்க வேண்டும். அல்லது போத்தலில் அது இல்லவே இல்லை. போத்தல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 3.5 கிராமை 50 தேக்கரண்டிக்குப் பிரித்தால் ஒரு தேக்கரண்டியில் 70 மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தேவையான 3 கிராமைப் பெறுவதற்கு ஏறத்தாழ 43 தேக்கரண்டி குடிக்க வேண்டும். போத்தலில் இருப்பதே 50 தேக்கரண்டி. இதுவும் ஒரு துளிகூடச் சிதையவில்லை என்று எடுத்துக் கொண்டால்தான்.

தெளிவான திரவத்தைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு சுத்தம்" என்று பிரதிநிதி சொல்வதுண்டு. இந்தச் சரக்கில் தெளிவு நல்ல அடையாளமல்ல. கிரியேட்டினின் என்ற அந்தக் கழிவுப் பொருள் கிரியேட்டினைவிட நன்றாகவே தண்ணீரில் கரையும். சிதையச் சிதையப் போத்தல் இன்னும் தெளிவாகத் தெரியலாம்.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது

கணக்கு ஒருபுறம் இருக்க, உண்மையில் போத்தலை உடைத்துச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிரியேட்டின் சீரம் என்ற பெயரில் சொட்டுத் திரவம் ஒன்று பிரபலமாக இருந்தது. 5 மில்லிலீற்றர் சீரம் 2.5 கிராம் தூளுக்குச் சமம் என்று சொல்லி விற்றார்கள். முன்னர் சொன்ன அதே ரொஜர் ஹரிஸ் குழுவினர் அதை ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்து 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அந்த 5 மில்லிலீற்றரில் இருந்த கிரியேட்டின் 10 மில்லிகிராமுக்கும் குறைவு. அதாவது சொன்னதில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. அதைக் குடித்தவர்களின் இரத்தத்தில் கிரியேட்டின் அளவு கூடவுமில்லை.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஒரு பகுதியினருக்குத் தூளும் இன்னொரு பகுதியினருக்குத் திரவமும் கொடுத்துத் தசையிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். தூள் எடுத்தவர்களின் தசையில் கிரியேட்டின் கூடியிருந்தது. திரவம் எடுத்தவர்களிடம் மாற்றமில்லை. சைக்கிள் வேக ஓட்டத்தில் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வும் திரவம் தூளுக்கு ஈடாகவில்லை என்றே முடித்தது.

அந்தச் சீரத்தின் காலம் போய்விட்டது. ஆனால் அதே யோசனை புதிய உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. உடனே குடிக்கும் பானம், ஜெல், சப்பிச் சாப்பிடும் மிட்டாய் என்று உருவம் மாறுகிறது. அண்மைய ஆண்டுகளில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட கிரியேட்டின் மிட்டாய்கள் சிலவற்றில் லேபலில் சொன்ன அளவில் ஒரு சிறு பங்கே இருந்தது தெரியவந்தது. ஈரமும் புளிப்பும் சேரும் இடமெல்லாம் இதே பிரச்சினைதான்.

பிரதிநிதி சொல்லக் கூடிய பதில்கள்

முதலாவது: "தூள் வயிற்று அமிலத்தில் அழிந்துவிடும், திரவம் நேரே இரத்தத்தில் சேரும்." இது சரியல்ல. மிகக் கடுமையான அமிலத்தில் இந்த மாற்றம் உண்மையில் வேகம் குறைகிறது. வயிற்றில் தங்கும் சில மணி நேரத்தில் சிதைவது ஒரு வீதத்துக்கும் குறைவு. கிரியேட்டினுக்கு ஆபத்தான புளிப்பு வயிற்றிலுள்ளது அல்ல, பழச்சுவைப் போத்தலில் மாதக் கணக்கில் இருப்பதுதான்.

இரண்டாவது: "எங்களுடையது புதிய தொழில்நுட்பம், சிதையாதபடி பதப்படுத்தியது." இதை முற்றாக மறுத்துவிடவும் கூடாது. நடுநிலைக்கு அண்மையான பீஎச்சில், துகள்கள் கரையாமல் மிதக்கும் கெட்டியான ஜெல்லாகத் தயாரித்தால் சிதைவு குறையும். கரையாத துகளுக்குச் சேதமில்லை, கரைந்த பகுதிதான் சிதையும். ஆகவே நியாயமான பதில் இதுதான்: "நல்லது. தயாரித்த நாளில் எடுத்த சோதனை அல்ல, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த சோதனை முடிவைக் காட்டுங்கள்." மருந்து உற்பத்தித் துறையில் மிதமான நாடுகளுக்கு 25 பாகையிலும் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு 30 பாகையிலும் வைத்துச் சோதிப்பது வழக்கம். உண்மையில் அப்படிச் செய்த நிறுவனம் அதைக் காட்டப் பின்வாங்காது.

மூன்றாவது: "காலாவதி திகதி இரண்டு வருடம் இருக்கிறதே." போத்தலில் அச்சிட்ட திகதி, குடித்தால் கெடுதி வராது என்பதை வேண்டுமானால் சொல்லலாம். அந்த நாள் வரை லேபலில் சொன்ன கிரியேட்டின் உள்ளே இருக்கும் என்பதற்குச் சோதனை முடிவு மட்டுமே சாட்சி.

கிரியேட்டினின் நமக்குப் புதிய சொல் அல்ல

இந்த விஷயம் வெறும் காசு நட்டத்தோடு நின்றுவிடவில்லை. புல்மோட்டைக்கு மேற்கே பதவிய, பதவி ஸ்ரீபுர பகுதிகளில் காரணம் திட்டமாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைப் பாதித்தது என்பதை நாம் அறிவோம். 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்திலும் அதைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் இந்நோய் பேசப்படுகிறது. கிளினிக்கில் இரத்தம் எடுத்து "கிரியேட்டினின் எவ்வளவு?" என்று பார்ப்பது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்பதை அந்த எண்ணை வைத்தே வைத்தியர்கள் முதலில் கணிக்கிறார்கள்.

நல்ல கிரியேட்டின் தூள் எடுப்பவருக்கும் இந்த எண் சற்றுக் கூடிக் காட்டலாம். ஆரோக்கியமான ஒருவரில் அது சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்பதன் அடையாளமல்ல. உடம்பிலுள்ள கிரியேட்டின் கூடியதால் அதன் கழிவும் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் வைத்தியருக்கு விஷயம் தெரியாவிட்டால் அவர் வேறு விதமாக எண்ண இடமுண்டு. ஆகவே விற்கும் நாம் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒன்று, இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டு, சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். பாடசாலைப் பிள்ளை தனியாக வந்து கேட்டால் வாப்பாவை அழைத்து வரச் சொல்வதும் நமது பொறுப்பே.

கிரியேட்டின் இல்லாமல் கிரியேட்டினின் மட்டும் நிறைந்த போத்தலை விற்பது என்பது, பலம் தேடி வந்த இளைஞனிடம் காசு வாங்கிக் கொண்டு கழிவைக் கொடுப்பதற்குச் சமம். அறியாமல் செய்தால் அது வேறு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அறியவில்லை என்று சொல்ல முடியாது.

தூளிலும் தரம் பார்க்க வேண்டும்

தூள் என்றால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். தயாரிப்பு சரியில்லாவிட்டால் டைசயன்டையமைட், டைஹைட்ரோட்ரையசின், கிரியேட்டினின் போன்ற வேண்டாத பொருட்கள் தூளில் தங்கிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2004ஆம் ஆண்டில் தெரிவித்த கருத்தில், கிரியேட்டின் குறைந்தது 99.95 வீதம் தூய்மையாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், சந்தையில் வாங்கிய 33 கிரியேட்டின் பொருட்களில் ஏறத்தாழ பாதி, ஏதாவது ஒரு மாசு விடயத்தில் பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன.

இந்த இடத்தில் எங்கள் ஊரே நல்ல பாடம். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலை லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்று பிரித்து விற்கிறது. வாங்குபவர் மணல் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்த்து விலை பேசுவதில்லை. அதில் டைட்டேனியம் டையொக்சைட் எத்தனை வீதம் என்ற பகுப்பாய்வைப் பார்த்தே பேசுகிறார். மணலுக்கே பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்கும் உலகத்தில், மனிதன் விழுங்கும் பொருளுக்கு அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

"நான் செய்யவில்லை, கொம்பனி செய்தது" என்பது கடைக்காரர் வழக்கமாகச் சொல்லும் பதில். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் எந்த வியாபாரியும் நடந்து கொள்ளக் கூடாது என்கிறது. வியாபாரி என்ற சொல்லுக்குள் சில்லறைக் கடைக்காரரும் அடங்குவார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நமது தட்டிலிருந்தே மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட பொருட்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. தான் கொண்டுவந்த பொருள் எந்த வகையில் சேர்ந்தது, யாருடைய அனுமதி பெற்றது என்பதை எழுத்தில் தர வேண்டியது இறக்குமதியாளரின் கடமை. அதைக் கேட்டு வாங்கிக் கோவையில் வைப்பது நமது பாதுகாப்பு.

சட்டம் நமக்கும் உதவும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. விவரிப்புக்குப் பொருந்தாத சரக்கைக் கொடுத்த மொத்த வியாபாரியிடம் நாம் கேள்வி கேட்கலாம். ஆனால் பில் இல்லாமல், தொகுதி இலக்கம் எழுதாமல் வாங்கிய சரக்குக்கு எந்தச் சட்டமும் உதவாது.

வாங்க முன் கேட்க வேண்டியவை

1. இந்தத் தொகுதி இலக்கத்துக்கு உரிய பகுப்பாய்வுச் சான்றிதழ் எங்கே? அதில் கிரியேட்டின், கிரியேட்டினின் இரண்டின் அளவும் தனித்தனியே இருக்கிறதா? மொத்தமாக ஓர் எண்ணைக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

2. சோதித்த ஆய்வுகூடம் உற்பத்தியாளருடையதா, வெளி நிறுவனமா? சந்தேகம் இருந்தால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் இத்தகைய சோதனைக்கு வசதி உண்டா, கட்டணம் என்ன என்று விசாரிக்கலாம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் செலவு பெரிதாகத் தெரியாது.

3. திரவமோ ஜெல்லோ என்றால் பீஎச் எவ்வளவு? 30 பாகையில் வைத்துச் சோதித்த முடிவு உண்டா?

4. லேபலில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தித் திகதி, காலாவதி திகதி, சேர்மானம், நிகர அளவு எல்லாம் இருக்கின்றனவா?

5. ஒரு வேளைக்குச் சொல்லும் கிராம் அளவு, போத்தலில் உள்ள தண்ணீரில் கரையக் கூடியதா? மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

6. விற்காத சரக்கையும் சோதனையில் தவறிய சரக்கையும் திருப்பி எடுப்பதாக எழுத்தில் தருவார்களா? திகதியிட்ட காசோலையைக் கொடுத்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

இந்த ஆறுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் வாங்குவது உங்கள் விருப்பம். கிடைக்காவிட்டால் இலவசப் பெட்டி எத்தனை தந்தாலும் அது இலவசமல்ல.

எதை விற்கலாம்?

சுவை சேர்க்காத, நம்பகமான கிரியேட்டின் மொனோஹைட்ரேட் தூளே நமது காலநிலைக்கு ஏற்ற சரக்கு. நன்றாக மூடிய டின்னில், நிழலில், ஈரம் படாமல் வைத்தால் கெடாது. வாங்குபவருக்கும் சொல்லிக் கொடுங்கள்: ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து அப்போதே குடிக்க வேண்டும். தோடம்பழச் சாற்றில் கலந்தாலும் உடனே குடித்தால் குறையில்லை. முழுதாகக் கரையாமல் அடியில் கொஞ்சம் தங்கினால் பழுதில்லை, அதையும் சுழற்றிக் குடித்துவிடலாம். ஆனால் ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கலந்து வைக்கக் கூடாது. ஈரக் கரண்டியை டின்னுக்குள் விடவும் கூடாது.

லாபக் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். 300 கிராம் டின் ஒன்று நாளுக்கு 5 கிராம் வீதம் 60 நாளைக்குப் போதும். அதில் பலன் கண்டவர் வருடத்தில் ஆறு தடவை நமது கடைக்கு வருவார். வரும்போது வேறு சாமானும் வாங்குவார், நண்பர்களையும் கூட்டி வருவார். போத்தலில் இரண்டு மடங்கு லாபம் வைத்து விற்றால் அது ஒரு தடவைதான். பலன் இல்லை என்று கண்டவர் இரண்டாவது முறை வரமாட்டார். புல்மோட்டை போன்ற சிறிய ஊரில், அந்தக் கடையில் வாங்கியது தண்ணீர் என்ற பேச்சுப் பரவ ஒரு வாரம் போதும். அதைத் திருத்த வருடங்கள் எடுக்கும்.

அடுத்த முறை பிரதிநிதி பெட்டியைத் திறக்கும்போது லாப வீதத்தைக் கேட்க முன், கல்குலேட்டரை எடுத்து அந்த ஐந்தாவது கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கரையாத கணக்கைக் கொண்டுவருபவரிடம் கடனுக்குக்கூடச் சரக்கு எடுக்க வேண்டாம்.